அனுசரிக்க வேண்டியதும் அனுசரிக்கக் கூடாததும்



கொவிட் முடக்கம் தளர்ந்து விமானங்கள் வழமைபோல் பறக்கத் தொடங்கியதில் இருந்து நாட்டைவிட்டு வேலைக்குப் போகிறவர்களின் தொகை இதுவரை காணாத அளவுக்குப் போய்விட்டது. 2019ஆம் ஆண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு போனவர்கள் சுமார் 203,000 பேர். விமான நிலையம் மூடப்பட்ட 2020இல் அது 54,000க்கும் கீழே விழுந்தது. 2022இல் 311,000ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கில் நமது தோட்டங்களின் பங்கு எவ்வளவு என்பதை அறிய எந்தப் புத்தகமும் தேவையில்லை. காலையில் பிரட்டுக் களத்தில் நின்று பார்த்தால் போதும். போன வருடம் நிரையில் நின்றவர்களில் யார் யார் இல்லை என்று கங்காணியே விரல் விட்டுச் சொல்லுவார்.

இவர்களை அனுப்பிவைக்கிற முகவரும் உப முகவரும் கடைசியாகச் சொல்கிற புத்திமதி ஒன்று உண்டு: "கொஞ்சம் அனுசரிச்சுப் போ தங்கச்சி, ரெண்டு வருசம்தானே." வீட்டில் தாயும் அதையே சொல்கிறார், புருசனும் அதையே சொல்கிறார். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எதை அனுசரிப்பது, எதை அனுசரிக்கக் கூடாது என்ற கோட்டை நாம் தெளிவாகப் போட்டுக்கொள்ளாவிட்டால், கொவிட் காலத்தில் நமது பெண்களிடமிருந்து பறிக்கப்பட்டவை திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

ஏன் போகிறார்கள்?

இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. அதோடு கிலோக் கணக்கும் ஏறியது. எடை குறைந்தால் அரைப் பேர் என்ற நிலை வந்தது. அதே ஆண்டு இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். தேயிலை வாடியது. 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து இல்லையென்றால் வேலை நாளும் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கோதுமை மாவின் விலை நமக்குத் தெரியும்.

மறுபக்கம், டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனது. 2022 தொடக்கத்தில் 1,000 சவூதி ரியால் என்பது சுமார் 53,000 ரூபா. வருட முடிவில் அதே 1,000 ரியால் 95,000 ரூபாவைத் தாண்டியது. மாதம் இருபது நாள் வேலை கிடைத்தாலும் 20,000 ரூபா, அதிலும் பிடிப்பனவு போக மிச்சம் என்று அன்று இருந்த ஒரு தாய்க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எத்தனை நிமிடம் வேண்டியிருந்தது? ஆகவே "போகாதே" என்று சொல்கிற தகுதி யாருக்கும் இல்லை. போகிறவரை எப்படிக் காப்பது என்பதே கேள்வி.

முடக்க காலத்தில் நடந்தது

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். தோட்டங்களில் மட்டும் கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. ஊரடங்கு எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதை நாம் அன்றே பார்த்தோம். கடல் கடந்து போயிருந்த நமது பெண்களுக்கு அது இன்னும் வேறு மாதிரி இருந்தது.

வளைகுடா நாட்டு வீடொன்றை நினைத்துப் பாருங்கள். சாதாரண நாளில் ஐயா வேலைக்குப் போவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், மெடம் வெளியே போய்வருவார். அந்த நேரத்தில்தான் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஒரு வாய் சோற்றை நிம்மதியாகச் சாப்பிடவும் கொஞ்சம் காலை நீட்டவும் முடியும். முடக்கத்தில் எல்லாரும் இருபத்துநான்கு மணிநேரமும் வீட்டிலேயே இருந்தார்கள். மூன்று நேரச் சமையல் ஐந்து நேரமானது. கதவுப் பிடி, மேசை, படிக்கட்டு என்று எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைக்கிற வேலை புதிதாகச் சேர்ந்தது. வயதானவர்களைப் பார்க்கிற வேலையும், வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலையும் சேர்ந்தன. சம்பளம் மட்டும் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை விடுமுறை இருந்தவர்களுக்கு அதுவும் நின்றது. "வெளியே போனால் நோயைக் கொண்டுவந்துவிடுவாய்" என்றார்கள். அன்றைக்கு அதில் ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. நகரமே அடைபட்டிருந்தது. ஆனால் அந்த நியாயத்தின் மறைவில் வேறு சிலதும் நடந்தன. கடைக்குப் போகிற நடை நின்றது. பணம் அனுப்பும் இடத்துக்குப் போக முடியாததால் "சம்பளத்தை நாங்களே வைத்திருந்து பிறகு தருகிறோம்" என்றார்கள். அடுத்த வீட்டுப் பணிப்பெண்ணோடு மாடியில் நின்று பேசுவதும் நின்றது. வேலை போனவர்கள் பலர் வீதியில் நின்றார்கள். நாடு திரும்ப முடியாமல், விமானத்துக்கும் தனிமைப்படுத்தலுக்கும் பணமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் அழுகுரலை அன்றைக்குக் கைத்தொலைபேசிகளில் கேட்டோம். திரும்பி வந்தவர்களையோ ஊரே நோயாளிகளைப் போலப் பார்த்தது. பலருக்குக் கடைசி மாதங்களின் சம்பளம் வந்து சேரவே இல்லை.

ஊருக்கு நீங்கியது, வீட்டுக்குள் நீங்கவில்லை

இப்போது கடைத்தெருக்கள் திறந்துவிட்டன. கட்டாரில் உலகக் கிண்ணப் போட்டியே நடந்து முடிந்துவிட்டது. உலகம் முழுவதும் இருந்து இலட்சக்கணக்கானவர்கள் அங்கே போய் ஆடிப்பாடித் திரும்பினார்கள். ஆனால் அதே ஊர்களில் எத்தனையோ வீடுகளின் சமையலறைகளில் 2020இன் சட்டம்தான் இன்னும் நடக்கிறது.

கடந்த மாதங்களில் ஊர் திரும்பிய சகோதரிகள் சிலரோடு பேசினேன். அவர்களில் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தாய், பத்து வருடத்துக்கு மேல் மலையில் கொழுந்து எடுத்தவர், சொன்னது இது: "நோய் முடிஞ்சிருச்சு, எல்லாரும் வெளிய போறாங்க, வர்றாங்க. நான் லீவு கேட்டா மட்டும் இன்னும் நோய் இருக்குங்கிறாங்க." அவர் போன ஒப்பந்தத்தில் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று எழுதியிருந்தது. இரண்டு வருடத்தில் அவர் அந்த வீட்டு வாசலைத் தாண்டியது ஒன்பது தடவை. அதில் ஐந்து தடவை குப்பை கொட்டுவதற்கு. கைத்தொலைபேசி இரவு பத்து மணிக்குப் பிறகு அரை மணிநேரம் கையில் கிடைக்கும். நமது நேரப்படி அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். "தூங்குற புள்ளைங்கள போன்ல காட்டச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார்.

இது ஒருவரின் தலைவிதி என்று தள்ளிவிட முடியாது. சர்வதேச மன்னிப்புச் சபை 2020இல் கட்டாரில் வீட்டுப் பணிப்பெண்களாக இருந்த 105 பேரிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 87 பேரின் கடவுச்சீட்டு எசமானரின் கையில் இருந்தது. 90 பேர் நாளொன்றுக்கு 14 மணிநேரத்துக்கு மேல் வழமையாக வேலை செய்தார்கள். கொவிட்டுக்கு முன்பே நிலைமை இதுதான். முடக்கம் அதற்கு ஒரு பூட்டைப் போட்டது. முடக்கம் போனபோது பூட்டைக் கழற்ற யாரும் வரவில்லை.

நம் தாத்தாமார் பார்த்த துண்டு

நாம் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த வரலாற்றை மேடைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் இன்றைய பிரச்சினைக்கும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நமது மூதாதையர் கங்காணியிடம் முற்பணம் வாங்கிக் கப்பலேறினார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோதே கடனாளிகள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று எழுதிய துண்டு. அது இல்லாதவரை வேறு தோட்டம் சேர்க்காது. துரை எவ்வளவு கொடுமைக்காரனாக இருந்தாலும் அங்கேயே கிடக்க வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வளைகுடா நாடுகளில் கபாலா என்று ஒரு முறை இருக்கிறது. வேலைக்குக் கூப்பிடுகிற கபீல்தான் அந்தப் பெண்ணின் விசாவுக்கும் இக்காமாவுக்கும் பொறுப்பு. அவர் விடுவித்தால்தான் வேறு வீட்டுக்குப் போகலாம். விடுவிக்காமல் வெளியேறினால் 'ஓடிப்போனவள்' என்று பொலிஸில் முறைப்பாடு வரும். நமது தாத்தாமார் இதைப் பார்த்தால் ஒரே பார்வையில் இனங்கண்டுகொள்வார்கள். துண்டின் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கட்டார் 2020இல் இந்த முறையில் சில கட்டுகளைத் தளர்த்தியது. நாட்டைவிட்டு வெளியேற எசமானரின் அனுமதி வேண்டும் என்பதும், வேலை மாற அவரது சம்மதக் கடிதம் வேண்டும் என்பதும் அங்கே சட்டத்தில் இப்போது இல்லை. சவூதி 2021இல் செய்த மாற்றத்திலோ வீட்டுப் பணிப்பெண்கள் சேர்க்கப்படவே இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் தோட்டம் என்பது துரையின் தனிச்சொத்து. வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று வழக்கு. அதனால்தான் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யர், அதற்கு முன்னர் துணி வியாபாரி வேடம் போட்டுத் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்க்க வேண்டியிருந்தது. இன்றைக்கு வளைகுடா வீடும் அப்படித்தான். அது தனியார் வீடு என்ற ஒரே காரணத்தால் தொழில் பரிசோதகர் கதவைத் தட்ட மாட்டார். மதில் சுவருக்குப் பின்னால் ஒரு தொழிலாளி இருக்கிறாள் என்பதை வெளியே சொல்ல யாரும் இல்லை. தோட்டத்தின் அந்தக் கதவைத் திறந்தது சங்கம். இந்தக் கதவையும் சங்கம்தான் திறக்க வேண்டும்.

அனுசரிக்க வேண்டியவை

புதிய நாட்டில் புதிய வாழ்க்கைக்குப் பழகுவது ஒரு திறமை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குளிரிலும் மழையிலும் வளர்ந்தவர் ஐம்பது பாகை வெயில் நாட்டில், நாள் முழுவதும் குளிரூட்டிய அறைகளுக்குள் வாழப் பழக வேண்டும். மலையில் பத்துப் பேரோடு பேசிச் சிரித்து வேலை செய்தவர் தனியாக வேலை செய்யப் பழக வேண்டும். ஊர் திரும்பியவர்கள் எல்லாரும் முதல் மூன்று மாதம்தான் மிகக் கஷ்டம் என்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்கு ஆயத்தமாகப் போங்கள்.

மொழி முக்கியம். அரபியில் நூறு சொல் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும். தண்ணீர், உப்பு, சூடு, போதும், வலிக்கிறது, மருந்து, சம்பளம், விடுமுறை, தொலைபேசி ஆகிய சொற்களைப் போவதற்கு முன்பே பாடம் பண்ணுங்கள். நமது தோட்டங்களில் போய்வந்த அக்காமார் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணிநேரம் அவர்களைக் கொண்டு சொல்லிக்கொடுக்கலாம். சமையல், சலவை இயந்திரம், துப்புரவு மருந்துகள் ஆகியவற்றைப் பணியகத்தின் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். "சான்றிதழை மட்டும் எடுத்துத் தருகிறோம், பயிற்சிக்கு வர வேண்டாம்" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு துப்புரவு மருந்துகளைக் கலந்து மூச்சுத் திணறுகிற ஆபத்தும், இஸ்திரிப் பெட்டியில் கை வேகிற ஆபத்தும் அந்தப் பயிற்சியைத் தவறவிட்டவருக்குத்தான் அதிகம்.

வீட்டில் இருப்பவர்களும் அனுசரிக்க வேண்டும். தாய் போன வீட்டில் ஆயா ஒருவரே எல்லாச் சுமையையும் தாங்குவது நியாயமல்ல. பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குத் தகப்பன் போக வேண்டும். வருகிற பணத்தில் எது வீட்டுச் செலவு, எது கடன், எது சேமிப்பு என்று போகுமுன்பே இருவரும் இருந்து எழுதிக்கொள்ள வேண்டும். அனுப்புகிறவர் பெயரிலேயே தனி வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். இரண்டு வருட உழைப்பு வெறும் கையோடு முடிந்த கதைகள் பலவற்றில், கொள்ளை போனது வளைகுடாவில் அல்ல, சொந்த லயத்துக் காம்பராவில்தான்.

அனுசரிக்கக் கூடாதவை

இனி அடுத்த பக்கம். பின்வருபவற்றை "அனுசரித்துப் போ" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இவை யாருடைய தயவும் அல்ல, அந்தந்த நாட்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டவை.

குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென்று 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 12 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் ஓய்வு, வருடத்துக்கு 30 நாள் விடுமுறை என்று அது சொல்கிறது. கட்டாரின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 10 மணிநேரம் என்றும் வாரம் 24 மணிநேர ஓய்வு என்றும் சொல்கிறது. 2021 மார்ச் முதல் கட்டாரில் ஆகக் குறைந்த சம்பளம் 1,000 ரியால். அது வீட்டுப் பணியாளருக்கும் பொருந்தும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் நாளுக்கு 12 மணிநேர ஓய்வு, அதில் எட்டு மணிநேரம் தொடர்ச்சியாக, வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை என்று சொல்கிறது. கடவுச்சீட்டைத் தொழிலாளியே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. சவூதியின் விதிகளிலும் நாளாந்த ஓய்வும் வாராந்த விடுமுறையும் இருக்கின்றன.

"சட்டப் புத்தகத்தில் இருந்து என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சம்பள நிர்ணய சபைச் சட்டம் இருந்தும் சங்கம் பலவீனமான தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை நாம் அறியாதவர்களா? ஆனால் சட்டம் தெரிந்தவர் கேட்கிற விதமே வேறு. 'கொஞ்சம் தயவு செய்யுங்கள்' என்பதற்கும் 'ஒப்பந்தத்தில் இப்படி எழுதியிருக்கிறது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, எடை வெட்டுக்கு எதிராகக் கொழுந்து மடுவத்தில் வாய் திறந்து பேசிய எந்தப் பெண்ணும் அறிவாள்.

ஆகவே மூன்றை விட்டுக்கொடுக்க வேண்டாம். முதலாவது, வாராந்த ஓய்வு. நோயைக் காரணம் காட்டி நிறுத்தியதை நோய் போன பிறகு திரும்பக் கேளுங்கள். ஓய்வு நாளில் வேலை செய்தால் அதற்குரிய பணம் என்ன என்பதைக் கேட்டு, ஒவ்வொரு கிழமையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். இரண்டாவது, கைத்தொலைபேசி. அது பொழுதுபோக்கு அல்ல, உங்கள் உயிர்ப் பாதுகாப்பு. மூன்றாவது, சம்பளம் மாதாமாதம் உங்கள் கணக்குக்குப் போவது. "மொத்தமாகத் தருகிறோம்" என்பது கொவிட் காலத்தில் எத்தனை பேரை வெறுங்கையோடு அனுப்பியது என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றுலா விசாவில் போகவே போகாதீர்கள். 2022 நவம்பரில் ஓமானில் வெளிவந்த செய்தி நாட்டையே உலுக்கியது. சுற்றுலா விசாவில் கூட்டிச்செல்லப்பட்ட நமது நாட்டுப் பெண்கள் அங்கே விலைக்கு விற்கப்பட்டார்கள். தூதரகத்தில் கடமையாற்றிய அதிகாரி ஒருவரே அந்த விசாரணையில் கைதானார். பணியகத்தில் பதியாமல் போனவருக்குக் காப்புறுதியும் இல்லை, பதிந்த ஒப்பந்தமும் இல்லை, தேடுவதற்கு ஒரு விலாசமும் இல்லை. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, கேட்கிற வேலை உண்மையா என்பதைப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். பஸ் செலவு பார்த்துச் சோம்பியிருக்கிற காரியம் அல்ல இது.

போகுமுன் தோட்டத்தில் முடிக்க வேண்டிய கணக்கு

இதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிநாடு போகிற அவசரத்தில் ஒரு நாள் பிரட்டுக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். செக்றோலில் பெயர் அப்படியே விழுந்துவிடுகிறது. வேலையைத் தானே கைவிட்டுப் போனவர் என்று நிர்வாகம் எழுதிக்கொள்கிறது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து வருட சேவையை முடித்தவருக்கு வேலையைவிட்டு விலகும்போது பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம். 2021இன் அடிப்படைச் சம்பளமான 900 ரூபாவை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும், பன்னிரண்டு வருடம் வேலை செய்தவருக்கு 151,200 ரூபா வர வேண்டும். விலகி 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சொல்லாமல் போனதால் இந்த உரிமை அழிந்துவிடாது. ஆனால் கடல் கடந்திருந்துகொண்டு அதைக் கேட்டு வாங்குவது எவ்வளவு சிரமம் என்பதை யோசியுங்கள். உப முகவரிடம் வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன்னர், தோட்டம் உங்களுக்குத் தர வேண்டிய பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே எழுத்தில் விலகல் கடிதம் கொடுங்கள். பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அந்தப் பணம் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யாவிட்டால், லயத்துக் காம்பரா பற்றி நிர்வாகம் கேள்வி கேட்கும். அந்தப் பேச்சைப் போகுமுன்பே தோட்டத் தலைவர் மூலம் பேசி முடியுங்கள். திரும்பி வரும்போது வீடு இல்லை என்ற நிலை வரக் கூடாது.

சங்கத்தின் முன் வைக்கும் கோரிக்கை

"வெளிநாடு போனவர் சந்தாக் கட்டுவதில்லை, அவரைப் பார்ப்பது பணியகத்தின் வேலை, நமக்குத் தோட்டத்துப் பிரச்சினையே தலைக்கு மேல் இருக்கிறது" என்று தலைவர்மார் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்கிற வேலைப்பளு உண்மை. ஆனால் போனவர் யார்? நேற்றுவரை நமது அங்கத்தவர். அவரது தங்கை இன்றும் அங்கத்தவர். இரண்டு வருடத்தில் அவரே திரும்பவும் மலைக்கு வரக்கூடும். அவர் அனுப்புகிற பணத்தில்தான் அந்த லயத்தில் அடுப்பு எரிகிறது. எசமானரின் வீடும் ஒரு வேலைத்தளம் என்றால், அங்கே நிற்பவரும் தொழிலாளிதான்.

ஆகவே இதைச் செய்யலாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் ஒரு பதிவேடு திறக்க வேண்டும். போனவரின் பெயர், நாடு, முகவர் நிலையத்தின் அனுமதி இலக்கம், எசமானரின் தொலைபேசி இலக்கம், ஒப்பந்தத்தினதும் கடவுச்சீட்டினதும் பிரதிகள் அதில் இருக்க வேண்டும். மாதர் சங்கத் தலைவி மாதம் ஒரு தடவை வீட்டாரிடம் கேட்க வேண்டும்: பேசினாரா, சம்பளம் வந்ததா, லீவு கிடைத்ததா? இரண்டு கிழமை தொடர்பில்லை என்றால் குடும்பம் தனியாக அலையத் தேவையில்லை. மாவட்டக் காரியாலயம் சங்கத்தின் கடிதத்தாளில் பணியகத்துக்கு முறைப்பாடு எழுத வேண்டும். தனி ஒரு தகப்பனின் கண்ணீருக்குக் கிடைக்காத பதில், சங்கத்தின் முத்திரைக்குக் கிடைக்கும்.

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும். 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை தாயிடம் மட்டும் கேள்வி கேட்டது. பிள்ளையை யார் பார்ப்பார் என்று தகப்பனிடம் யாரும் அறிக்கை கேட்கவில்லை. 2022இல் அந்த விதிகள் தளர்த்தப்பட்டன. பெண்கள் போவதைச் சுலபமாக்கிய அரசாங்கம், போன இடத்தில் அவர்களுக்கு வாராந்த ஓய்வும் தொலைபேசியும் கிடைப்பதைக் கேட்டு வாங்கவும் கடமைப்பட்டது. ஓய்வு நாள் மறுக்கப்படுவதைத் தூதரகங்கள் ஒரு முறைப்பாடாக ஏற்றுப் பதிய வேண்டும். இன்றைக்கு அடித்தால்தான் முறைப்பாடு, அடைத்து வைத்தால் இல்லை என்ற எண்ணம் இருக்கிறது. வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச தொழில் அமைப்பின் 189ஆம் இலக்கச் சமவாயம் 2011இல் வந்தது. இலங்கை அதை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. நமது பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளில் நேரம் காலம் இல்லாமல் வேலை வாங்குவதைச் சட்டத்தால் தடுக்காத ஒரு நாடு, குவைத்திடம் போய் என்ன முகத்தோடு நியாயம் கேட்கும்? அந்தச் சமவாயத்தை ஏற்கச் செய்வது நமது கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்த இடத்தில் இருக்க வேண்டும்.

தோட்டத்தில் வேலை முடிகிற நேரத்துக்குச் சங்கு ஊதுகிறது. அந்தச் சங்கு தானாக வந்ததல்ல. இத்தனை மணிக்கு மேல் என் உழைப்பு உனக்கில்லை என்று நமக்கு முந்தியவர்கள் போராடிப் போட்ட எல்லை அது. கடல் கடந்த சமையலறையில் அந்தச் சங்கு இன்னும் ஊதவில்லை. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பதிவேட்டைத் திறப்பதில் இருந்து தொடங்குவோம். உங்கள் லயத்தில் இருந்து போயிருக்கிற முதல் பெயரை நீங்களே கொண்டுவந்து எழுதுங்கள்.